கைமாறிய சிம்மாசனம்

கண்டியில் முகூர்த்த நாளென்றால் ஏரிக்கரை ஹோட்டல்களின் வாசலில் பழைய கார்கள் வந்து நிற்கும். அன்று குயின்ஸ் ஹோட்டல் முன்னால் நின்றது ஒரு ஹம்பர் புல்மன். கறுப்பு நிறம், நீண்ட உடல். ஓட்டுநருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு, வேண்டும்போது விரித்துக்கொள்ள இரண்டு மடிப்பு இருக்கைகள். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் செய்த வண்டி. மந்திரிகளும் தூதர்களும் ஏறிப் போன வகை. பொனட்டின் மேல் அந்தூரியப் பூக்களைக் கட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஹந்தானைப் பக்கம் தோட்டத்தில் பிறந்த தமிழர். நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"சும்மா கார்னு நெனைக்காதீங்க அய்யா. மொதல்ல ஒரு தொரை வச்சிருந்தாரு. அவருகிட்டேருந்து கொழும்புச் செட்டியார் ஒருத்தரு வாங்குனாரு. அப்புறம் மாத்தளை முதலாளி. இப்ப எங்க முதலாளி கையில. மவுண்ட்பேட்டன் பிரபு இதுல ஏறியிருக்காருன்னும் சொல்லுவாங்க."

மவுண்ட்பேட்டன் பெயர் கண்டியில் அடிபடக் காரணம் உண்டு. 1944 ஏப்ரலில் அவர் தலைமை தாங்கிய நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் டெல்லியிலிருந்து இங்கே மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் மரங்களுக்கு நடுவே அலுவலகக் கொட்டகைகள் எழுந்தன. பர்மாப் போரின் பெரிய முடிவுகள் இந்த மலைநகரத்தில் எடுக்கப்பட்டன. ஆனால் ஒரு குறிப்பிட்ட காரில் அவர் ஏறினாரா என்பதை வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. சேஸிஸ் எண் வேண்டும், எஞ்சின் எண் வேண்டும், உடல் கட்டிய நிறுவனத்தின் தகடு வேண்டும், பழைய உரிமையாளர்களின் பெயர் வரிசையாக உள்ள பதிவுப் புத்தகம் வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் என்றால் ஒவ்வொரு சேஸிஸும் முதலில் யாருக்குப் போனது என்ற அட்டைகள் இங்கிலாந்தில் அந்தக் கார்ப் பிரியர்களின் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. மற்ற வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இலங்கையில் எண் பலகையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1957க்கு முந்திய வண்டிகளில் ஆங்கில எழுத்துகள். அந்த ஆண்டு சிங்கள ஸ்ரீ வந்தது. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்க, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கிழித்தார். அடுத்த மாதம் கலவரம். ஒரு காரின் எண் பலகையைப் பார்த்து இவ்வளவும் நினைவுக்கு வருவது இந்தத் தீவில் தமிழனுக்கு மட்டும் நேர்வது.

யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வியோடுதான் நானும் கண்டிக்கு வந்திருந்தேன். என் தேடல் காரைப் பற்றியது அல்ல. குயின்ஸ் ஹோட்டலிலிருந்து தெருவைக் கடந்தால் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை. அதன் வளாகத்தில் ஒரு காலத்தில் இருந்த பொன் சிம்மாசனம், இந்த நகரம் பெற்ற பொருள்களிலேயே விலை மதிக்க முடியாதது. அது ஒரு கம்பெனியிடமிருந்து ஓர் அரசனுக்கு வந்தது. ஆறு அரசர்கள் அதற்கு உரியவர்களாக இருந்தார்கள். பிறகு கடல் கடந்தது, ஓர் ஏகாதிபத்தியத்தின் சடங்கறையில் 100 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது, திரும்பி வந்தது. அதன் பதிவுப் புத்தகத்தில் கடைசி நான்கு அரசர்களும் நம்மவர்கள், மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். அதனால்தான் அதன் தடத்தைக் கண்டி மண்ணிலேயே நடந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

தலதா மாளிகையை ஒட்டி, மதிலுக்குள் மரத்தூண்களின் வரிசையாக நிற்கிறது மகுல் மடுவ. அரசவை மண்டபம். நான்கு பக்கமும் சுவரில்லை. செதுக்கிய தூண்களும் கண்டிக்கே உரிய சரிவு ஓட்டுக் கூரையும் மட்டும்தான். 1783இல் ராஜாதி ராஜசிங்கன் கட்டத் தொடங்கியது. உள்ளே நின்றால் ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிறது. காலியாக இருக்கும் மண்டபம். தூண்களின் தாமரைச் செதுக்கல்களை விரலால் தொட்டுக்கொண்டு நடந்தேன். மதுரையின் திருமலை நாயக்கர் மகாலில் நிற்கும்போது தூண்களின் பருமன் நம்மைச் சிறிதாக்கும். இங்கே மரம் நம் தோளுக்குத் தோளாக நிற்கிறது.

சிம்மாசனம் இந்த மண்டபத்தைவிட மூத்தது. 1693இல் டச்சு ஆளுநர் தோமஸ் வன் ரீ அதை இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தார். ஒரு வணிகக் கம்பெனி ஏன் ஓர் அரசனுக்குப் பொன் தகடு வேய்ந்த ஆசனத்தைப் பரிசளிக்க வேண்டும்? கறுவாப்பட்டைக்காக. கரையோரத்தின் பெரும்பகுதி டச்சுக்காரர்களின் கையில். மலையும் காடும் கண்டியின் கையில். உலகத்தின் சிறந்த கறுவா அந்தக் காடுகளில் இருந்தது. அதை உரிக்க அரசனின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் தூதுக்குழு பரிசுகளைச் சுமந்துகொண்டு மலையேறி வந்து பணிந்து கேட்கும். அப்படி ஏறி வந்த பரிசுகளில் மிகப் பெரியது இது.

மரத்தால் செய்த உடல். மேலெல்லாம் பொன் தகடு. முதுகுப் பலகையின் உச்சியில் கதிர் விரிக்கும் சூரியன். கை வைக்கும் இடங்களில் இரண்டு சிங்கங்கள், அவற்றின் கண்களில் செவ்வந்திக்கல். வடிவத்தில் பதினான்காம் லூயி காலத்துப் பிரெஞ்சு ஆசனத்தின் சாயல் தெரிகிறது. ஐரோப்பியக் கற்பனையும் கீழைத் தேயத்துச் சிங்கமும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, செய்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவன் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது.

விமலதர்மசூரியனுக்குப் பின் அவன் மகன் வீர நரேந்திரசிங்கன். சிங்கள அரச மரபில் அவனே கடைசி. அவன் மதுரையிலிருந்து பெண் எடுத்தான். பிள்ளையில்லாமல் 1739இல் இறந்தபோது பட்டத்தரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். அன்று தொடங்கி 76 ஆண்டுகள் கண்டியை நாயக்கர்கள் ஆண்டார்கள். அரச உறவினர்கள் குடியிருந்த தெரு இன்றும் மலபார் தெரு என்ற பெயரோடு நகரத்தின் நடுவில் இருக்கிறது. அதன் வழியாக நடந்தேன். கடைகள், பைக்குகள், பள்ளிப் பிள்ளைகள். பெயரைத் தவிர வேறு அடையாளம் என் கண்ணில் படவில்லை. பெயராவது தப்பியதே என்று இருந்தது.

அந்த நால்வரில் பெரியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை ஆண்டான். வீட்டில் திருநீறு பூசிய சைவன். நாட்டில் பௌத்தத்தின் காவலன். இலங்கையில் முறையான பிக்கு தீட்சை அற்றுப்போயிருந்த காலத்தில், 1753இல் சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து அதை மீண்டும் தொடங்கி வைத்தவன் அவன்தான். இன்று உலகமே கூடிப் பார்க்கும் எசல பெரஹரா ஊர்வலத்தில் புனித தந்தப் பேழை யானை மேல் வருவதும் அவன் காலத்து ஏற்பாடு. ஆனாலும் 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மல்வத்தை விகாரையில் அவனுக்காக ஓர் ஆசனம் போட்டு, அதன் கீழே முளைகள் நட்ட குழியை மறைத்து வைத்தார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்ததால் தப்பினான். குழிக்கு மேல் போட்ட ஆசனம் ஒன்று, பொன் ஆசனம் ஒன்று. இரண்டும் ஒரே அரசனுக்கு. இன்று அந்த விகாரைப் பக்கம் நிழலும் அமைதியுமாக இருக்கிறது. இளம் பிக்குகள் குடை பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போகிறார்கள்.

சதிக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1762இல், சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலேயர் வந்தார். ஜோன் பைபஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவுன்சில் அனுப்பிய தூதர். இரவில் அரசவைக்கு அழைத்துப் போனார்கள். திரை விலக, பொன் ஆசனத்தில் கீர்த்தி ஸ்ரீ. தூதர் மண்டியிட வேண்டும், மண்டியிட்டார். புனித ஜோர்ஜ் கோட்டையின் பிரதிநிதி ஒருவர் தமிழ் பேசும் அரசன் முன்னால் முழங்காலில் நின்ற அந்த இரவைப் பள்ளிப் பாடத்தில் நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கொடுத்த டச்சுக்காரர்களே மூன்று ஆண்டில் கொள்ளையடிக்க வந்தார்கள். 1765இல் ஆளுநர் வன் எக் படையோடு கண்டிக்குள் நுழைந்தார். அரசன் காட்டுக்குள் விலகிவிட்டான். அரண்மனை சூறையாடப்பட்டது. அப்போது போன பொருள்களில் ஒன்று லெவ்கே என்ற திசாவ (மாகாணத் தலைவர்) அரசனுக்கு அளித்த சிறு பீரங்கி. வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. அது ஒல்லாந்து அரச குடும்பத்துக்குப் போய், பிறகு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இரண்டு நூற்றாண்டு இருந்தது. அங்குள்ள ஆய்வாளர்களே இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதன் கைமாற்றத்தைத் தடம் பிடித்து, கண்டியில் கொள்ளையடித்ததுதான் என்று உறுதி செய்தார்கள். 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். பொருளின் உரிமை வரலாற்றைத் தேடும் வேலையை வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பீரங்கியை ஒரு முறை பார்க்க வேண்டும். 258 ஆண்டுக்குப் பிறகு ஒரு திருட்டு நேராக்கப்பட்டிருக்கிறது.

சிம்மாசனம் அந்தச் சூறையில் போகவில்லை. அது போனது 50 ஆண்டு கழித்து.

கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறப்புப் பெயர் கண்ணுசாமி. 1798இல் பிலிமத்தலாவை என்ற மகா அதிகாரம் (தலைமை அமைச்சர்) அவனை அரியணையில் ஏற்றியபோது வயது 18. கைப்பாவையாக இருப்பான் என்று எதிர்பார்த்தார்கள், இருக்கவில்லை. கண்டிக்குப் போகிற யாரும் படமெடுக்காமல் வராத மூன்று காட்சிகள் உண்டு. ஏரி, ஏரியைச் சுற்றிய மேக அலைச் சுவர், தலதா மாளிகையின் எண்கோண மண்டபம். மூன்றுமே அவன் காலத்துப் படைப்புகள். தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பியின் கைவண்ணம். வயல்வெளியாகக் கிடந்த பள்ளத்தில் கட்டாய உழைப்பைக் கொண்டு வெட்டிய ஏரி அது. மக்கள் முணுமுணுத்தார்கள். எதிர்த்த பிரபுக்களைக் கடுமையாகத் தண்டித்தான். 1814இல் எஹலபொல அதிகாரம் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தபோது அவனுடைய மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் கொல்லச் செய்தான். இதை மறைத்துவிட்டு அந்த அரசனைப் பற்றி எழுதக் கூடாது. நம்மவன் என்பதற்காக அந்தக் குழந்தைகளின் இரத்தம் நிறம் மாறிவிடாது.

1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்தது. அரசன் தும்பறைப் பக்கம் ஓடினான். அவன் பிடிபட்ட இடத்தைப் பார்க்க மஹியங்கனைச் சாலையில் கிழக்கே போனேன். திகன தாண்டித் தெல்தெனிய வரும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் விரிகிறது. பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில். சாலை மலைமேல் வளைந்து ஏற, மெதமஹநுவரைப் பக்கம் தேயிலையும் மிளகுக் கொடியும் மூங்கில் புதரும். அரசனைப் பிடித்த இடத்துக்கு அடையாளக் கல் நிறுத்தியிருக்கிறார்கள். பிப்ரவரி 18ஆம் தேதி, இரண்டு அரசிகளோடு ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவனை, எஹலபொலவின் ஆட்கள் சுற்றி வளைத்துக் காட்டுக் கொடியால் கட்டி இழுத்தார்கள் என்பது இந்தப் பகுதியில் எல்லோரும் சொல்லும் செய்தி. அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: 2000 ஆண்டுக்கு மேல் நீண்ட இலங்கையின் மன்னராட்சி முடிந்த இடத்தில் சாலையோரம் கொய்யாப் பழம் விற்கும் ஓர் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம்.

"யாரைப் பார்க்க வந்தீங்க மகன்?" என்று உடைந்த தமிழில் கேட்டார் அவர்.

"ராசாவை" என்றேன்.

கையை நீட்டிக் கல் இருக்கும் திசையைக் காட்டினார்.

மார்ச் 2ஆம் தேதி, அதே மகுல் மடுவவில், கண்டி ஒப்பந்தம் படிக்கப்பட்டது. மலபார் மரபினர் யாருக்கும் இனி அரியணையில் உரிமையில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்திலேயே ஒப்பமிட்டார்கள் என்பதையும் அந்த ஏடு இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறது.

அரண்மனையின் செல்வம் பிரிந்தது. அரசனின் நகைகள் 1820இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. எந்த மாணிக்கம் எந்தச் சீமாட்டியின் கழுத்துக்குப் போனதோ, அந்தத் தடம் அறுந்துவிட்டது. அரசனின் சிங்கக் கொடி லண்டன் செல்சியில் முதிய படைவீரர்களின் மாளிகைக்குப் போனது. பின்னாளில் இலங்கை வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா அதை அங்கே கண்டுபிடித்து 1916இல் தம் நூலில் வெளியிட்டார். இன்றைய தேசியக் கொடியின் சிங்கம் அப்படித் திரும்பி வந்ததுதான். சிம்மாசனம் பிரிட்டிஷ் அரச குடும்பத்திடம் சேர்ந்து வின்ட்சர் கோட்டையில் நின்றது. அங்கே கார்ட்டர் என்னும் உயர்ந்த வீரப்பட்டத்தை வழங்கும் சடங்கில் அதைப் பயன்படுத்தினார்கள். கறுவாவுக்காகக் கொடுத்த ஆசனத்தில் அமர்ந்து, கறுவா நாட்டை வென்றவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பட்டம் கட்டினார்கள்.

1934 செப்டம்பர். இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் க்ளஸ்டர் கோமகன் சிம்மாசனத்தையும் மகுடத்தையும் கொண்டுவந்து கண்டி மகுல் மடுவவில் வைத்து ஒப்படைத்தார். புறப்பட்ட மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு பேரரசு தன் அதிகாரம் குறையாத நாளிலேயே, யாரும் நீதிமன்றம் போகாமல், கொள்ளைப் பொருளைத் திருப்பிக் கொடுத்தது அதற்கு முன்னும் பின்னும் அபூர்வம். அந்தச் செயலை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கோகினூரும் அமராவதிச் சிற்பங்களும் அங்கேயே இருக்கும்போது இந்த ஒன்றாவது வந்ததே.

இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாக இறங்கி வந்து பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடச் சிறியது. பொன் மங்கவில்லை. சிங்கங்களின் ஊதாக் கண்கள் இன்னும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தார்கள். வன் ரீ, விமலதர்மசூரியன், நரேந்திரசிங்கன், விஜய ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, விக்கிரமன், பிரிட்டிஷ் மன்னர்கள், இலங்கை மக்கள். இவ்வளவு சுத்தமாக, இடையில் ஒரு கண்ணியும் விடாமல் கைமாற்ற வரிசை கிடைக்கும் அரசப் பொருள் இந்தப் பக்கத்தில் வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆசனம் திரும்பியது, கொடியின் சிங்கம் திரும்பியது, பீரங்கியும் திரும்பியது. அந்த ஆசனத்தில் கடைசியாக அமர்ந்த கண்டி அரசன் மட்டும் திரும்பவில்லை. 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் அவனையும் குடும்பத்தையும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலூர்க் கோட்டை. கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இன்னும் இருக்கிறது. 16 ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தான். வயது 52. பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். 1990இல் தமிழ்நாடு அரசு அந்த இடத்தில் முத்து மண்டபம் கட்டியது. அரசனோடு அரசியும் வழிவந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

சிங்கள நண்பர்கள் பலர் வேலூருக்கு வந்தால் அந்த மண்டபத்தைத் தேடிப் போய் மலர் வைக்கிறார்கள். நம்மில் பலர் பொற்கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறோம். அடுத்த முறை வேலூர் போகிறவர்கள் ஒரு ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரைக்குப் போங்கள். முத்து மண்டபம் என்றால் ஓட்டுநருக்குத் தெரியும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கண்டி ஏரியை வெட்டியவன் இங்கே இருக்கிறான் என்று சொல்லிக் காட்டுங்கள்.